அச்சத்தைச் சோதிப்பதா, சுமந்து நடப்பதா? சமூகப் பதற்றத்துக்கான இரு சிகிச்சைகள்: ஓர் ஒப்பாய்வு

விடை தெரிந்தும் வகுப்பில் வாய் திறக்காத மாணவியையும், கல்யாணப் பந்தியில் எதிரே ஆள் உட்கார்ந்தால் சோற்றை அளைந்துவிட்டு எழுந்துவிடும் இளைஞரையும் ‘கூச்ச சுபாவம்’ என்று சொல்லிக் கடந்துவிடுவது நம் வழக்கம். பலருக்கு அது பொருந்தவும் செய்யும். புது இடத்தில் தயங்கினாலும் பழகியதும் சகஜமாகிவிடுகிறவர்களுக்குச் சிகிச்சை எதுவும் தேவையில்லை. ஆனால், பிறர் பார்வை தன்மீது விழப்போகிறது என்ற நினைப்பிலேயே நெஞ்சு படபடத்து, நேர்முகத் தேர்வையும் உறவினர் வீட்டு விசேஷத்தையும் தவிர்த்து, கடைசியில் படிப்பையும் வேலையையுமே கைவிடும் நிலைக்கு ஒருவர் வந்துவிட்டால், அதைச் சுபாவம் என்று சொல்லி விட்டுவிடக் கூடாது. அது சமூகப் பதற்றக் கோளாறு. சிகிச்சை உள்ள நோய். பல நாடுகளில் நடந்த 28 மனநலக் கணக்கெடுப்புகளைத் தொகுத்து 2017இல் வெளியான ஆய்வின்படி, நூற்றில் 4 பேர் வாழ்வில் ஒரு கட்டத்திலாவது இதற்கு ஆளாகிறார்கள். பெரும்பாலும் பதின்ம வயதிலேயே தொடங்குகிறது. கவனிக்காமல் விட்டால் மனச்சோர்வும் சிலருக்குக் குடிப்பழக்கமும் பின்னால் வந்து சேர்கின்றன.

இந்த நோயை இரண்டு மருத்துவ மரபுகள் தனித்தனியே ஆழ்ந்து ஆராய்ந்திருக்கின்றன. ஒன்று, ஜப்பானில் ஷோமா மொரிட்டா 1919 அளவில் உருவாக்கிய மொரிட்டா சிகிச்சை. மற்றொன்று, டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர்கள் 1995இல் முன்வைத்த விளக்கத்தின் மேல் எழுந்த, அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையின் ஒரு வடிவம். ஒன்று, அச்சமூட்டும் எண்ணத்தைத் தொடாதே, அது பாட்டுக்கு இருக்கட்டும் என்கிறது. மற்றொன்று, அந்த எண்ணம் மெய்யா பொய்யா என்று சோதித்துப் பார் என்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றுக்கொன்று நேர்மாறு. நெருங்கிப் பார்த்தால் இரண்டும் நோயின் மையத்தை ஒரே இடத்தில் கண்டிருக்கின்றன. சிகிச்சை தேடும் ஒருவர் இந்த ஒற்றுமையையும் வேற்றுமையையும் தெரிந்துகொள்வது அவசியம் என்று கருதுகிறேன்.

பிறந்த சூழல்

மொரிட்டா 1874இல் ஜப்பானின் கோச்சி பகுதியில் பிறந்தவர். சிறுவயதிலேயே அச்சங்களோடு வளர்ந்தவர். ஊர்க் கோயிலில் கண்ட நரக ஓவியம் அவரை நெடுநாள் வாட்டியது. டோக்கியோவில் மருத்துவம் படித்த காலத்தில் நெஞ்சுப் படபடப்பும் உடல் உபாதைகளும் அவரைத் தொடர்ந்தன, மருந்து சாப்பிட்டுவந்தார். ஒருமுறை வீட்டிலிருந்து பணம் வராமல்போன கோபத்தில், செத்தாலும் பரவாயில்லை என்று மருந்தை எறிந்துவிட்டுத் தேர்வுக்கு இரவு பகலாகப் படித்தார். தேர்வில் நன்றாகத் தேறினார், உபாதைகளும் விலகின. நோயை விரட்டப் பாடுபட்டபோதெல்லாம் போகாதது, அதைப் பொருட்படுத்தாமல் வேலையில் இறங்கியபோது போனது ஏன் என்ற கேள்வி அவரை விடவில்லை. மனநல மருத்துவரான பிறகு ஹிப்னாடிசத்தை முயன்றுபார்த்தார். மேற்கின் ஓய்வுச் சிகிச்சை, ஒழுங்குபடுத்திய வாழ்க்கைமுறைச் சிகிச்சை முதலியவற்றையும் முயன்றார். எடுத்துக்கொள்ளத் தக்கதை எடுத்துத் தன் வீட்டிலேயே நோயாளிகளைத் தங்கவைத்து ஒரு முறையை வகுத்தார். பின்னாளில் டோக்கியோவின் ஜிகெய் மருத்துவக் கல்லூரி அம்முறையின் தாயகமானது.

மேற்கில் கதை பின்தங்கியே தொடங்கியது. பிரான்ஸின் பியர் ஜானே 1903லேயே மனிதர் முன்னிலையில் எழும் அச்சங்களைத் தனியாக விவரித்திருந்தாலும், அது வெகுகாலம் கவனிப்பாரின்றிக் கிடந்தது. 1966இல் லண்டனில் ஐசக் மார்க்ஸும் மைக்கேல் கெல்டரும் சமூக அச்சத்தை மற்ற அச்சங்களிலிருந்து பிரித்துக் காட்டினார்கள். அமெரிக்க மனநலக் கையேட்டில் அது தனி நோயாக இடம்பெற்றது 1980இல்தான். அதற்கு ஐந்தாண்டுகளுக்குப் பிறகும் மைக்கேல் லீபோவிட்ஸும் அவருடைய சகாக்களும் அதைப் புறக்கணிக்கப்பட்ட நோய் என்றே எழுத வேண்டியிருந்தது. மேற்கு அதற்குப் பெயர் சூட்டிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஜப்பானிய மருத்துவர்களிடம் அதற்கு அரை நூற்றாண்டுக்கும் மேலான சிகிச்சை அனுபவம் இருந்தது.

எதற்கு அஞ்சுகிறார்கள்?

மேற்கத்திய விவரிப்பில் நோயாளியின் அச்சம் தன்னைப் பற்றியது. நான் உளறிவிடுவேன், கை நடுங்குவது தெரிந்துவிடும், என்னை முட்டாள் என்று நினைப்பார்கள், ஒதுக்கிவிடுவார்கள் என்ற அச்சம். பாதிப்பு தனக்கு.

ஜப்பானியர் ‘தைஜின் கியோஃபுஷோ’ என்று அழைக்கும் நிலையில் இதனோடு வேறொன்றும் சேர்கிறது. என் முகம் சிவப்பதால் எதிரில் இருப்பவர் சங்கடப்படுகிறார், என் பார்வை அவரைத் துன்புறுத்துகிறது, என் உடல் வாடை பக்கத்தில் இருப்பவரை வதைக்கிறது என்று நோயாளி நம்புகிறார். பாதிப்பு பிறருக்கு, குற்றம் தன்மேல். முகம் சிவத்தல், உருவக் குறை, பார்வை, உடல் வாடை என்று அச்சத்தின் பொருளை வைத்தே அங்கே நோயை வகைப்படுத்துகிறார்கள்.

இந்த இரண்டாவது அச்சம் ஜப்பானுக்கே உரியது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. அமெரிக்கக் கையேடு 1994இல் அதைக் குறிப்பிட்ட பண்பாட்டுக்குள் அடங்கிய நோய்களின் பட்டியலில்தான் வைத்தது. ஆனால் கொரியாவிலும், பிறகு அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் தேடிப் பார்த்தபோது, பிறரைப் புண்படுத்திவிடுவோமோ என்று அஞ்சும் நோயாளிகள் அங்கேயும் இருந்தார்கள். யாரும் அதுவரை அவர்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பு, பிறருக்குச் சங்கடம் விளைவிப்போம் என்ற அச்சத்தையும் சமூகப் பதற்றத்தின் அடையாளமாகவே ஏற்றுக்கொண்டது. ஜப்பானிய மருத்துவர்களின் பொறுமையான கவனிப்பு உலகத்தின் பாடநூலைத் திருத்தியது என்று சொல்லலாம்.

ஒரு எச்சரிக்கையும் இங்கே தேவை. யார் எவ்வளவு மறுத்துச் சொன்னாலும் தன் உடல் நாறுகிறது என்ற எண்ணத்தை அசைக்கவே முடியாதவருக்கு இருப்பது வேறு நோயாக இருக்கலாம். அதைப் பிரித்தறிய மனநல மருத்துவரின் நேரடிப் பரிசோதனை வேண்டும்.

சுழல் எப்படிச் சுழல்கிறது?

இரண்டு மரபுகளும் வியப்பூட்டும் அளவுக்கு ஒத்துப்போகும் இடம் இதுதான். தொடர்ந்து கூட்டத்தில் இருந்தும், பல ஆண்டுகள் வேலைக்குப் போய்வந்தும் இந்த அச்சம் ஏன் தானாகத் தேய்ந்துவிடுவதில்லை? இரு தரப்பும் சொல்லும் விடை: கவனம் உள்நோக்கித் திரும்பிவிடுவதால்.

மொரிட்டாவின் விளக்கம் இப்படிப் போகிறது. எல்லார் முகமும் எப்போதாவது சூடாகும். ஒருவர் அதைக் கவனிக்கிறார். கவனிக்கக் கவனிக்கச் சூடு கூடுதலாக உறைக்கிறது. உறைக்க உறைக்கக் கவனம் இன்னும் இறுகுகிறது. இப்படி ஆகக் கூடாது என்று மனத்தோடு மல்லுக்கு நிற்பது அந்தப் பிடியை முறுக்கிவிடுகிறது. உணர்ச்சி ஒரு குற்றம் இல்லை. உணர்ச்சியை அறிவின் ஆணையால் அடக்க முனைவதே சிக்கல் என்பது அவர் முடிவு.

கிளார்க்கும் வெல்ஸும் இதே சுழலை நுணுக்கமாகப் பிரித்துக் காட்டினார்கள். கூட்டத்துக்குள் நுழைந்ததும் நோயாளி பிறரைக் கவனிப்பதை நிறுத்தித் தன்னையே கண்காணிக்கத் தொடங்குகிறார். உள்ளே தோன்றும் படபடப்பை வைத்து, வெளியில் தான் எப்படித் தெரிகிறோம் என்று ஒரு படத்தை வரைந்துகொள்கிறார். அந்தப் படத்தில் அவர் வியர்த்து வழிகிறார், குரல் நடுங்குகிறது. எதிரே இருப்பவர் கண்ணில் அப்படி எதுவும் பட்டிருக்காது. அடுத்து, தற்காப்புச் செயல்கள்: பேசப் போவதை மனத்துக்குள் ஒத்திகை பார்ப்பது, தேநீர்க் கோப்பையை இரு கையாலும் இறுக்கிப் பிடிப்பது, வியர்வை தெரியாதிருக்கக் கோடையிலும் தடித்த சட்டை போடுவது, கைப்பேசியில் தலை கவிழ்வது. இவை ஆறுதல் தருவதுபோல் தோன்றினாலும் அச்சத்தைக் காப்பாற்றி வைப்பவை இவையே. அசம்பாவிதம் எதுவும் நடக்காவிட்டால், ‘கோப்பையை இறுக்கிப் பிடித்ததால் தப்பித்தேன்’ என்றே மனம் கணக்கு எழுதிக்கொள்கிறது. வீட்டுக்கு வந்த பிறகு நடந்ததையெல்லாம் இரவு முழுக்க அசைபோட்டு, அடுத்த முறைக்கான அச்சத்தையும் சேர்த்துவிடுகிறது.

இரண்டையும் அருகருகே வைத்தால், மொரிட்டா கண்டது சுழலின் விசை. கிளார்க்கும் வெல்ஸும் காட்டியது அதன் பாகங்கள். எந்தப் பாகத்தில் கை வைக்கலாம் என்பது பின்னவர்களின் விளக்கத்தில் துலக்கமாகத் தெரிகிறது. ஆனால் அச்சத்தின் வேர் பற்றி மொரிட்டா சொன்ன ஒன்று அவர்களிடம் அதே அழுத்தத்தில் இல்லை. நன்றாக வாழ வேண்டும், நல்ல பெயர் எடுக்க வேண்டும், மனிதரோடு மனிதராகச் சேர்ந்திருக்க வேண்டும் என்ற வேட்கை பலமாக உள்ளவருக்கே இந்த அச்சமும் பலமாக வருகிறது என்றார் அவர். மனிதரோடு ஒட்ட விரும்பாதவருக்கு அவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற கவலை ஏன் வரப்போகிறது? தன்னைக் கோழை என்று நொந்துகொள்ளும் நோயாளிக்கு இதைவிடப் பெரிய தேறுதல் கிடையாது. உன் அச்சம் உன் ஆசையின் மறுபக்கம் என்று அது அவருக்குச் சொல்கிறது.

மொரிட்டாவின் வீட்டில்

மூல மொரிட்டா சிகிச்சை, தங்கிப் பெறும் சிகிச்சை. சுமார் 40 நாட்கள் நடக்கும். அதில் நான்கு கட்டங்கள் உண்டு.

முதல் கட்டம் ஏறக்குறைய ஒரு வாரம் தனியறையில் படுக்கை. பேச்சு, வாசிப்பு, பார்வையாளர் எதுவும் இல்லை. உணவுக்கும் கழிப்பறைக்கும் மட்டும் எழலாம். ஓடிப்போக வழியில்லாத அந்த அறையில் அச்சம் உச்சத்துக்கு ஏறுகிறது. பிறகு தானே இறங்குகிறது. யாரும் அதை இறக்கவில்லை என்பதை நோயாளி நேரில் காண்கிறார். நாட்கள் செல்ல அலுப்பு தட்டி, எழுந்து ஏதாவது செய்ய வேண்டும் என்ற வேட்கை பிறக்கிறது. இரண்டாம் கட்டத்தில் தோட்டத்தில் சருகு பொறுக்குவது போன்ற சிறு வேலைகள், இரவில் நாட்குறிப்பு. மூன்றாம் கட்டத்தில் விறகு வெட்டுதல், சமையல், துப்புரவு போன்ற உடல் உழைப்பு. நான்காம் கட்டத்தில் வெளியே சென்று வேலைகளை முடித்துத் திரும்பி, பழைய வாழ்க்கைக்குத் தயாராதல்.

நோயாளி தன் உபாதைகளை அடுக்கினால் மருத்துவர் அதற்குள் போகமாட்டார். அன்றைக்கு என்ன செய்தாய் என்றுதான் கேட்பார். நாட்குறிப்பின் ஓரத்தில் அவர் எழுதும் குறிப்புகளும் நோயாளியின் கவனத்தைச் செயலின் பக்கமே திருப்பும். ‘அருகமாமா’, அதாவது உள்ளதை உள்ளபடி ஏற்பது, இதன் இலக்கு. படபடப்பு இருக்கட்டும், படபடப்போடே சமையல் முடியட்டும். அச்சம் போன பிறகு வாழ்வேன் என்று காத்திருந்த ஆள், அச்சத்தோடே வாழத் தொடங்கிவிட்டால் குணம் வந்துவிட்டது என்று பொருள். இன்று ஜப்பானில் இந்தச் சிகிச்சை பெரும்பாலும் புறநோயாளி முறையில் நடக்கிறது. படுக்கைக் கட்டம் இல்லாமல், நாட்குறிப்பும் உரையாடலும் அன்றாடச் செயல்களும் கொண்டு.

கிளார்க்கின் அறையில்

அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் நோயாளி எங்கும் தங்குவதில்லை. ஏறத்தாழ 14 அமர்வுகள், ஒவ்வொன்றும் 90 நிமிடம் என்று பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு வரையறுக்கிறது. நோயாளியும் சிகிச்சையாளரும் சேர்ந்து முதலில் அவருக்கே உரிய சுழலைத் தாளில் வரைந்துகொள்கிறார்கள். பிறகு சோதனைகள் தொடங்குகின்றன.

முதல் சோதனை எளியது. அறிமுகமில்லாத ஒருவரோடு நோயாளி இருமுறை உரையாட வேண்டும். முதல்முறை, தன்னைக் கண்காணித்தபடி, தற்காப்புச் செயல்கள் எல்லாவற்றையும் செய்தபடி. மறுமுறை, அவற்றைக் கைவிட்டு, எதிரே இருப்பவர் சொல்வதிலேயே கவனம் வைத்து. இரண்டுக்குப் பின்னும் பதற்றம் எவ்வளவு, எப்படித் தெரிந்தேன் என்று மதிப்பெண் போடுகிறார். தன்னைக் காத்துக்கொண்டபோதுதான் அதிகம் தவித்தோம் என்பது பெரும்பாலும் அங்கேயே தெரியவருகிறது. அடுத்து காணொளிப் பதிவு. பார்க்கும் முன், தான் எவ்வளவு சிவந்திருப்போம், எத்தனை முறை திக்கியிருப்போம் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். பிறகு யாரோ ஒரு அந்நியரைப் பார்ப்பதுபோல் அந்தப் பதிவைப் பார்க்க வேண்டும். மனத்துக்குள் இருந்த படமும் திரையில் தெரியும் ஆளும் வேறு வேறு என்பது அப்போது விளங்கும்.

பின்னர் சோதனைகள் தெருவுக்கு நகர்கின்றன. வியர்வைக்கு அஞ்சுகிறவர் அக்குளைத் தண்ணீரால் நனைத்துக்கொண்டு கடைக்குள் போய், எத்தனை பேர் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று எண்ணுவார். பேச்சில் இடைவெளி விழுந்தால் கேவலம் என்று நம்புகிறவர் வேண்டுமென்றே நடுவில் நிறுத்திப் பார்ப்பார். எதிர்பார்த்த கேவலம் நேர்ந்ததா இல்லையா என்பது ஒவ்வொரு முறையும் எழுதப்படும். வாதத்தால் மனம் மாறுவதைவிட, இப்படிக் கண்ணால் கண்டதால் மாறுவது நிலைக்கிறது.

பிரியும் இடங்கள்

இரண்டும் கவனத்தை வெளியே திருப்புகின்றன. இரண்டும் அச்சம் நீங்கும்வரை காத்திருக்காமல் செயலில் இறங்கச் சொல்கின்றன. இதற்கு அப்பால் மூன்று வேற்றுமைகள் முக்கியமானவை.

முதலாவது, எண்ணத்தை என்ன செய்வது என்பது. கிளார்க் அதைச் சோதித்துத் திருத்துகிறார். மொரிட்டாவின் பார்வையில் அந்தச் சோதனையேகூட எண்ணத்துக்குக் கூடுதல் மரியாதை கொடுப்பதுதான். இரண்டு தரப்பிலும் நியாயம் உண்டு. ‘எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள்’ என்பது பொய் என்று தெரிந்துகொண்டால் பாரம் இறங்கும். ஆனால் ‘சிலருக்கு என்னைப் பிடிக்காமல் போகலாம்’ என்பது பொய் இல்லை. எந்தச் சோதனையும் அதை அழிக்காது. அதை ஏற்றுக்கொண்டுதான் நடக்க வேண்டும்.

இரண்டாவது, இடம். மொரிட்டா நோயாளியை ஊர்க்கண்ணிலிருந்து விலக்கி, உழைப்பின் வழியே மெல்லத் திருப்பி அனுப்புகிறார். கிளார்க் அஞ்சும் இடத்துக்கே அவரை அழைத்துப் போகிறார். வேலையையும் குடும்பத்தையும் விட்டு 40 நாட்கள் தங்குவது இன்று பெரும்பாலானவர்களுக்கு இயலாத காரியம்.

மூன்றாவது, இலக்கு. அச்சத்தின் அளவு குறைந்ததா என்று மேற்கத்திய ஆய்வு 24 கேள்விகள் கொண்ட லீபோவிட்ஸ் அளவுகோல் போன்றவற்றால் அளக்கிறது. மொரிட்டா அச்சத்தை அளக்கவே மறுக்கிறார். வாழ்க்கை நடக்கிறதா என்று பார்க்கிறார். இது உயர்ந்த நோக்கம்தான். ஆனால் அளவை இல்லாதபோது, சிகிச்சை பலித்ததா என்று மூன்றாவது ஆள் சரிபார்ப்பது கடினமாகிறது.

சான்றுகள் சொல்வது

இந்தக் கடைசி வேற்றுமையின் விளைவு சான்றுகளில் தெரிகிறது. ‘லான்செட் சைக்கியாட்ரி’ இதழில் 2014இல் வெளியான பெருந்தொகுப்பு ஆய்வு, 101 பரிசோதனைகளையும் 13,000க்கு மேற்பட்ட நோயாளிகளையும் உள்ளடக்கியது. அதில், ஒருவருக்கு ஒருவராகத் தரப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை முதல் தேர்வாக முன்னிறுத்தப்பட்டது. நைஸ் வழிகாட்டுதலும் 2013இல் அதையே முதலிடத்தில் வைத்தது. மொரிட்டா சிகிச்சைக்கு நூறாண்டு அனுபவம் இருந்தும் சான்று மெலிந்திருக்கிறது. பதற்றக் கோளாறுகளுக்கு அது எவ்வளவு உதவுகிறது என்று 2015இல் ஆராய்ந்த, மருத்துவச் சான்றுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பு, சீனாவில் நடந்த சில சிறு ஆய்வுகளையே கண்டது. அவற்றின் தரம் குறைவு என்பதால் உறுதியாக எதுவும் சொல்ல இயலவில்லை. பலனில்லை என்று அங்கே நிரூபிக்கப்படவில்லை. தக்கபடி இன்னும் சோதிக்கப்படவில்லை.

மேற்கில் பிறந்த சிகிச்சை கிழக்கில் எடுபடாது என்ற ஐயமும் தீர்ந்திருக்கிறது. ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தினர், மாத்திரை சாப்பிட்டும் குணமாகாத 42 பேரிடம் நடத்திய ஆய்வு 2016இல் வெளிவந்தது. 16 வாரம் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை பெற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் தேறினார்கள். வழக்கமான சிகிச்சையில் மட்டும் இருந்தவர்களில் அப்படித் தேறியவர்கள் மிகச் சிலரே. எதிர்த்திசையிலும் ஒரு செய்தி உண்டு. ஏற்றலை முதன்மையாகக் கொண்ட, மொரிட்டாவின் போக்குக்கு நெருக்கமான ‘ஏற்பு, உறுதிப்பாட்டுச் சிகிச்சை’ அமெரிக்காவில் உருவானது. மிஷல் க்ராஸ்க் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், சமூகப் பதற்றத்துக்கு அதுவும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் ஏறக்குறைய சமமாகவே பலன் தந்தன.

மாத்திரையின் இடம்

எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் போன்ற மருந்துகள் பலருக்கு உதவுகின்றன. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். மருத்துவரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தக் கூடாது. பேச்சுச் சிகிச்சை கிடைக்காதவருக்கும் அதை விரும்பாதவருக்கும் இவை நல்ல வழி. ஆனால் மருந்தை நிறுத்திய பின் நோய் திரும்பும் வாய்ப்பு, பேச்சுச் சிகிச்சை முடிந்த பின் திரும்பும் வாய்ப்பைவிடக் கூடுதல். மேடை ஏறும் முன் மட்டும் படபடப்பவருக்கு மருத்துவர் சில வேளை ப்ரொப்ரனலால் தருவதுண்டு. அன்றாட வாழ்வு முழுவதையும் கவ்விய நோய்க்கு அது தீர்வாகாது. தூக்க மாத்திரை வகையைச் சேர்ந்த பதற்றத் தணிப்பிகள் பழக்கத்தில் இழுத்துவிடக்கூடியவை என்பதால் நைஸ் அவற்றை வழக்கமாகப் பரிந்துரைப்பதில்லை.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

தமிழ்க் குடும்பங்களில் இரண்டு வகை அச்சமும் ஒன்றாகவே வளர்கின்றன. நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற கவலையில் தன்மானமும் இருக்கிறது. நம்மால் வீட்டுக்குத் தலைகுனிவு வரக் கூடாதே என்ற பிறர் நலமும் இருக்கிறது. ஆகவே சிகிச்சையாளர் இரண்டையும் கேட்டறிய வேண்டும்.

எதை நாடுவது என்று கேட்டால் என் விடை தெளிவானது. முதலில் நாட வேண்டியது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. சான்று அதன் பக்கம் இருக்கிறது. வேலையையோ படிப்பையோ விடாமலே பெறலாம். அதைத் தரும் பயிற்சி பெற்ற உளவியலாளரை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் விசாரிக்கலாம். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416இல் தமிழிலேயே பேசி முதல் ஆலோசனை பெறலாம். அந்தச் சிகிச்சைக்குப் போகிறவர் மொரிட்டாவிடமிருந்து இரண்டு எண்ணங்களை உடன் எடுத்துச் செல்லட்டும். அச்சம் தன் குறைபாடு என்று வெட்கப்படத் தேவையில்லை. அது மனிதரோடு சேர்ந்து வாழும் ஆசையிலிருந்து வருவது. அச்சம் முற்றிலும் போனால்தான் வாழ்க்கை தொடங்கும் என்று காத்திருக்கவும் தேவையில்லை.

பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒன்று. பேசாத பிள்ளையை எல்லார் முன்னும் எழுப்பி நிறுத்திப் பேசச் சொல்வது இந்த இரண்டு சிகிச்சைகளில் எதிலும் இல்லை. அவள் இடத்தில் எழுந்து அவளுக்காகப் பேசிவிடுவதும் எதிலும் இல்லை. அவள் சம்மதத்தோடு, அவள் தேர்ந்தெடுத்த சிறிய அடியை அவளே எடுத்துவைக்க விடுவதும், படபடப்போடு செய்த அந்தச் செயலைச் செயலாகவே மதிப்பதும்தான் நம்மால் ஆகக்கூடிய உதவி. பதின்மூன்று பதினான்கு வயதில் இந்த உதவி கிடைத்துவிட்டால், வாய்ப்புகளைத் தவறவிட்டே கழியும் பல ஆண்டுகள் ஒரு பிள்ளைக்கு மிச்சமாகும்.